ஒரு யானைக்கு எத்தனை சிப்பாய்?

விலை சொல்வதில் விருதுநகரை மிஞ்ச ஆள் கிடையாது. கடைவீதியைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒரு துவரைச் செடியைப் பார்க்க முடியாது. ஆனால், துவரம் பருப்பு என்ன விலை என்பதை அந்த ஊர்தான் சொல்லும். வத்தல், மல்லி, உளுந்து, நல்லெண்ணெய், கடலை எண்ணெய், புண்ணாக்கு... 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பேப்பரில் கட்டம் கட்டிப் போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். விருதுபட்டியாக இருந்து 1923-ல் விருதுநகர் ஆன ஊர். பேர் மாறியதே தவிர, தொழில் மாறவில்லை. சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்து, மூட்டை இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் போய் ஒரு கேள்வி கேட்டால் என்ன?

ஒரு குதிரைவீரன் என்ன விலை? அவனுக்குப் பதிலாகக் காலாட்படை ஆட்கள் எத்தனை பேரைக் கொடுத்தால் கணக்கு நேராகும்? சரி, ஒரு யானைக்கு?

பைத்தியக்காரக் கேள்வி என்று நினைக்காதீர்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மனிதன் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. ராஜாக்கள் கேட்டார்கள். சதுரங்கம் ஆடியவர்கள் கேட்டார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் ஒரு கூட்டம் ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

யார் இவர்கள்? மேஜைப் போர் ஆடுகிறவர்கள். இங்கிலீஷில் வார்கேம். ஒரு பெரிய மேஜை. அதன்மேல் அட்டையில் செய்த மலை, பஞ்சில் செய்த மரம், தெர்மோகோல் கோட்டை. கட்டைவிரல் உயர பொம்மை சிப்பாய்கள், பெயின்ட் அடித்து அணிவகுத்து நிற்பார்கள். ஆளுக்கொரு படை. டெய்லர் டேப்பால் தூரம் அளந்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா, படவில்லையா என்பதைப் பகடை சொல்லும். தாயக்கட்டை மாதிரிதான். ஆறு முகம்.

இதில் ஒரு சிக்கல். சதுரங்கத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே காய்கள். ஒரே எண்ணிக்கை. சண்டை சமம். ஆனால் மேஜைப் போரில் ஒருத்தர் ரோமானியப் படை கொண்டுவருவார். இன்னொருத்தர் பத்து யானையுடன் மௌரியப் படையை இறக்குவார். எப்படிச் சமம் பண்ணுவது?

தீபாவளியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்று சொல்லி, சிவகாசி பட்டாசுக் கடையின் விலைப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். மூத்தவன் நாலே நாலு வாண வேடிக்கை வாங்கிப் பணத்தைத் தீர்ப்பான். இளையவள் கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம் என்று பை நிறைய வாங்குவாள். வாங்கியது வேறு வேறு. ஆனால் இரண்டு பேருக்கும் பட்ஜெட் ஒன்றுதான். சண்டை வராது. (வரும். அது வேறு விஷயம்.)

மேஜைப் போரிலும் அதே ஏற்பாடு. ரூபாய்க்குப் பதில் பாயின்ட். ஆளுக்கு ஆயிரம் பாயின்ட் என்று பேசிக்கொள்வார்கள். ஒரு ஈட்டிக்காரன் இவ்வளவு பாயின்ட், ஒரு குதிரை இவ்வளவு, ஒரு யானை இவ்வளவு என்று பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து அவரவர் படையை 'வாங்கி'க்கொள்ள வேண்டியது.

எல்லாம் சரி. அந்தப் பட்டியலில் விலையைப் போட்டது யார்? எதை வைத்துப் போட்டார்கள்?

முதல் பட்டியல் நம்ம ஊர்ச் சரக்கு என்றால் ஆச்சரியப்படுவீர்கள். போட்டவர் கௌடில்யர். அர்த்தசாஸ்திரம் எழுதியவர்.

அந்தப் புத்தகமே பல நூற்றாண்டு காணாமல் போய்க் கிடைத்த புத்தகம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடியை மைசூர் ஓரியண்டல் நூலகத்தில் கொண்டுவந்து கொடுக்க, அங்கிருந்த ஷாமா சாஸ்திரி 1905-ல் அது என்னவென்று கண்டுபிடித்து, 1909-ல் அச்சில் ஏற்றினார். எழுதப்பட்ட காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டு என்பது மரபு. அதற்குப் பிந்தைய தொகுப்பு என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கட்சி. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். பத்தாவது அதிகாரம் முழுக்க யுத்தம். அதில் போகிற போக்கில் கௌடில்யர் ஒரு கணக்குச் சொல்கிறார்.

ஒரு குதிரையை எதிர்க்க மூன்று காலாட்கள். ஒரு தேரையோ, யானையையோ எதிர்க்கப் பதினைந்து காலாட்கள். அல்லது ஐந்து குதிரைகள்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது, டேலி ஆகிறதா என்று பார்ப்பதுதான். ஆகிறது! குதிரைக்கு மூன்று ஆள். யானைக்கு ஐந்து குதிரை. ஐ மூணு பதினைந்து. யானைக்குப் பதினைந்து ஆள். ஒரு பைசா இடிக்கவில்லை. ஆக, காலாள் 1 பாயின்ட், குதிரை 3, தேர் 15, யானை 15. ஏதோ அடித்துவிட்டுப் போன எண் மாதிரித் தெரியவில்லை. மனுஷன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

சரி, கையில் விலைப் பட்டியல் கிடைத்துவிட்டது. எதையாவது போட்டுப் பார்க்க வேண்டாமா? மகாபாரதத்தையே போட்டுப் பார்ப்போம்.

ஒரு அக்ஷௌஹிணி என்றால் 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். ஒரு தேருக்கு ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் என்பது விகிதம். கௌடில்யர் ரேட்டில் இந்த பத்து உருப்படிக்கு என்ன ஆகிறது? 15, 15, 9, 5. மொத்தம் 44 பாயின்ட். கவனித்தீர்களா? தலை எண்ணிக்கையில் பாதி காலாள். ஆனால் 44-ல் அவர்கள் பங்கு வெறும் 5. ஒரு அக்ஷௌஹிணிக்கு மொத்தம் 9,62,280 பாயின்ட்.

கௌரவர்களிடம் பதினொன்று. பாண்டவர்களிடம் ஏழு. அதாவது ஒரு கோடியே ஐந்து லட்சத்துச் சொச்சம் ஒரு பக்கம். அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் மறுபக்கம். எந்த மேஜையிலும் இதைச் சமமான ஆட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஜெயித்தது யார்?

யுத்தத்துக்கு முன்னால் துவாரகையில் நடந்த பேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணனின் நாராயணி சேனை. இன்னொரு பக்கம் ஆயுதம் எடுக்க மாட்டேன், சண்டை போட மாட்டேன் என்று சொல்லிவிட்ட கண்ணன். துரியோதனன் பாயின்ட் பார்த்தான். சேனையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான். ஆயுதம் எடுக்காதவனுக்கு எந்தப் பட்டியலிலும் பூஜ்யம்தானே! அர்ஜுனன் அந்தப் பூஜ்யத்தை எடுத்தான்.

கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்கும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டியலில் கட்டம் இல்லாத ஒன்று யுத்தத்தை ஜெயிக்க வைக்கலாம். இதை மனசில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

யானை, குதிரை, தேர், காலாள். இந்த நாலு அங்கம்தான் சதுரங்கம். ஆட்டம் இங்கிருந்து பாரசீகம் போய், அரபு தேசம் போனது. வியாபாரிகள் தேசம் அல்லவா? அங்கே இருந்த ஆட்ட வல்லுநர்கள் காய்களுக்குக் காசிலேயே விலை போட்டார்கள். மூலையில் நிற்கும் காய்க்கு ஒரு முழு திர்ஹம். குதிரைக்கு மூன்றில் இரண்டு பங்கு. இன்றைக்குச் சதுரங்க வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது அதன் பேரன்தான். சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, ரூக் 5, ராணி 9.

ஆனால் வகுப்புக்குப் போகும் பிள்ளையைக் கேளுங்கள். குதிரை எப்போதும் மூன்றா? நடுப்பலகையில் நிற்கும் குதிரைக்குத் தாவ எட்டுக் கட்டம் இருக்கிறது. அதையே மூலையில் ஒதுக்கிவிட்டால் இரண்டே கட்டம். அதே குதிரை. அதே விலையா? நிற்கிற இடம் விலையை மாற்றுகிறது.

இது கௌடில்யருக்கும் தெரிந்திருக்கிறது. எதிர்ப்புக் கணக்குச் சொல்வதற்கு முந்தைய அத்தியாயத்தில், எந்த நிலம் காலாளுக்கு ஏற்றது, எது குதிரைக்கு, எது தேருக்கு, எது யானைக்கு என்று பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார். முதலில் நிலம், அப்புறம் விலை. பெரிய கை!

ஐரோப்பாவுக்கு வருவோம். 1824-ல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், நிஜ வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்று பேர். ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பட்டது. பகடை உண்டு, நடுவர் உண்டு. அப்புறம் 1913-ல் எச்.ஜி. வெல்ஸ் வந்தார். ஆமாம், 'டைம் மெஷின்' எழுதிய அதே வெல்ஸ்தான். தரையில் பொம்மை சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் மரக் குண்டு சுட்டு விளையாடுவதற்கு விதி எழுதி, 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகப் போட்டார். பொம்மை யுத்தம் ஆடிப் பார்த்தால் நிஜ யுத்தத்தின் மடத்தனம் புரியும் என்பது அவர் ஆசை. அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வெடித்தது.

அதே 1914-ல்தான் இங்கிலாந்தின் இன்னொரு மனிதர் ஒரு கணக்கை எழுதினார். ஃபிரெடெரிக் லான்செஸ்டர். கார் தயாரித்த இன்ஜினியர். அவர் கேட்டது எளிமையான கேள்வி. துப்பாக்கி வைத்திருக்கும் நூறு பேரும் ஐம்பது பேரும் மோதுகிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே திறமை. முடிவில் நூறு பேர் தரப்பில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

ஐம்பது என்று சொல்லியிருப்பீர்கள். நூறில் ஐம்பது போனால் ஐம்பது. லான்செஸ்டர் கணக்கில் விடை 86!

எப்படி? நூறு பேர் சுடுகிறார்கள், ஐம்பது பேர் மேல் குண்டு விழுகிறது. ஐம்பது பேர் சுடுகிறார்கள், அது நூறு பேர் மேல் பரவுகிறது. ஒவ்வொரு நிமிஷமும் சின்னக் கூட்டம் இன்னும் வேகமாகச் சின்னதாகிறது. ஆகவே பலம் என்பது எண்ணிக்கையின் வர்க்கம். இரண்டு மடங்கு ஆள் என்றால் நான்கு மடங்கு பலம். நூறின் வர்க்கம் 10,000. ஐம்பதின் வர்க்கம் 2,500. கழித்தால் 7,500. அதன் வர்க்கமூலம் 86 சொச்சம். அவ்வளவுதான் சூத்திரம்.

மேஜைப் போர் பாயின்ட் கணக்குக்கு வேண்டிய சாமான் எல்லாம் வந்தாச்சு. கௌடில்யரின் விகிதம், சதுரங்கத்தின் பாடம், லான்செஸ்டரின் வர்க்கம். பாக்கி இருப்பது கணக்கப்பிள்ளை மட்டும். அவரும் 1979-ல் வந்துவிட்டார்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் என்ற மாணவருக்கு ஒரு எரிச்சல். கணக்குக் கட்டங்களில் ஒரு எண்ணை மாற்றினால், அதைத் தொட்ட எல்லா எண்ணையும் அழித்து அழித்து எழுத வேண்டும். பேரேடு எழுதியவர்களுக்கு அந்த வேதனை தெரியும். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து 'விசிகால்க்' என்ற புரோகிராமை உருவாக்கினார்கள். ஒரு கட்டத்தை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும். அதன் வாரிசுதான் 1985-ல் வந்த எக்ஸெல். விருதுநகர் மண்டிக்காரர் முதல் சிவகாசி அச்சகம் வரை இன்றைக்கு எல்லோரும் தட்டுவது அதைத்தான்.

வாருங்கள், நாமே ஒரு ஷீட் போடலாம். ரோம், மௌரியம் எல்லாம் எதற்கு? விருதுநகர் மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் எட்டயபுரம். இன்னும் கொஞ்சம் போனால் ஒட்டப்பிடாரம். பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிச் சிப்பாய். இன்னொரு பக்கம் பாளையக்காரரின் ஈட்டிக்காரன். யார் என்ன விலை?

விதிகளை நாமே வைத்துக்கொள்வோம்.

சிப்பாய் சுட்டால், பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் பட்டது. மூன்றில் ஒன்று. கைகலப்பில் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினாலும் அதே மூன்றில் ஒன்று. ஈட்டிக்காரன் தூரத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நெருங்கிவிட்டால் அவன் ஈட்டி நீளம். 4, 5, 6 விழுந்தால் பட்டது. இரண்டில் ஒன்று. பட்டாலும் எல்லோரும் சாவதில்லை. இரு தரப்பிலும் பட்டவர்களில் பாதிப் பேர் பிழைப்பார்கள். துப்பாக்கி எட்டும் தூரம் 24 இன்ச். ஈட்டிக்காரன் ஒரு சுற்றுக்கு 8 இன்ச் ஓடுவான். அப்படியென்றால் பொட்டல் காட்டில் மூன்று சுற்று குண்டடியைத் தாங்கிக்கொண்டுதான் அவன் வந்து சேர முடியும்.

இப்போது ஷீட். முதல் கட்டத்தில் சிப்பாய் எண்ணிக்கை: 12. அடுத்தது, ஒரு சிப்பாய் ஒரு சுற்றில் கொல்லும் வாய்ப்பு: மூன்றில் ஒன்றில் பாதி, அதாவது ஆறில் ஒன்று. அடுத்தது ஈட்டிக்காரனுக்கு: பாதியில் பாதி, நான்கில் ஒன்று. நான்காவது கட்டம் முக்கியம். ஈட்டிக்காரன் குண்டடி வாங்கும் சுற்று: 3.

பன்னிரண்டு சிப்பாய் சுற்றுக்கு இரண்டு பேரை வீழ்த்துவார்கள். மூன்று சுற்றில் ஆறு பேர் காலி. மிச்சம் வந்து சேரும் ஈட்டிக்காரர்கள் எத்தனை பேர் இருந்தால் பன்னிரண்டு சிப்பாய்க்குச் சமம்? லான்செஸ்டர் கணக்குப்படி, 12-ன் வர்க்கம் 144. அதை ஆறால் வகுத்தால் 24. ஈட்டிக்காரர் எண்ணிக்கையின் வர்க்கத்தை நான்கால் வகுத்தாலும் 24 வரவேண்டும். அந்த வர்க்கம் 96. அதன் மூலம் 9.8. பத்துப் பேர் என்று வையுங்கள். வழியில் விழுந்த ஆறு பேரையும் சேர்த்தால் பதினாறு.

ஆக, பொட்டலில் பன்னிரண்டு சிப்பாய்க்குப் பதினாறு ஈட்டிக்காரர் சமம். சிப்பாய் 4 பாயின்ட் என்றால் ஈட்டிக்காரன் 3. இரண்டு பக்கமும் 48. டேலி!

இப்போது அந்த நான்காவது கட்டத்தை மட்டும் மாற்றுங்கள். பொட்டல் இல்லை, பனங்காடு. எட்டு இன்ச்சுக்கு மேல் கண் தெரியாது. குண்டடி மூன்று சுற்றிலிருந்து ஒன்றாகிறது. என்டர் தட்டுங்கள். வழியில் விழுவது இரண்டே பேர். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சமம். ஈட்டிக்காரனும் 4 பாயின்ட் ஆகிவிட்டான்.

இன்னொரு தடவை மாற்றுங்கள். ராத்திரி. அல்லது கோட்டைச் சுவருக்கு உள்ளே ஈட்டியோடு காத்திருக்கிறான்; சிப்பாய்தான் ஏறி வர வேண்டும். குண்டடிச் சுற்று பூஜ்யம். இப்போது பன்னிரண்டு சிப்பாய்க்குப் பத்து ஈட்டிக்காரர் போதும். ஈட்டிக்காரன் விலை 4.8. ரவுண்டாக 5.

அதே ஆள். அதே ஈட்டி. பொட்டலில் 3, பனங்காட்டில் 4, சுவருக்குப் பின்னால் 5!

இதுதான் பாயின்ட் கணக்குப் போடுகிறவர்களின் தலைவலி. பட்டியலில் ஒரு எண்தானே போட முடியும்? மூன்றையும் சராசரி எடுத்து 4 என்று போடுவார்கள். உடனே விவரமான ஆள் ஒருத்தர் மேஜை முழுக்கப் பனைமரமாக நட்டுவிட்டு ஈட்டிக்காரனாக வாங்கிக் குவிப்பார். அதனால்தான் 'வார்ஹாமர் 40,000' என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை நடத்தும் கேம்ஸ் ஒர்க்ஷாப் கம்பெனி, தன் பாயின்ட் பட்டியலை அவ்வப்போது திருத்தித் திருத்தி வெளியிடுகிறது. மார்க்கெட் நிலவரம் மாதிரிதான். பாயின்டே வேண்டாம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. 1990-ல் வந்த 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்' என்ற ஆட்டத்தில் எந்தப் படையானாலும் பன்னிரண்டு அணிதான். விலை கிடையாது.

ஒரு சந்தேகம் வரலாம். சிப்பாய்க்கு 4 போட்டது எந்த அடிப்படையில்? ஏன் 40 இல்லை? 400 இல்லை? இதற்குச் சிவகாசிக்காரர்களிடம் பதில் இருக்கிறது. பெட்டியில் அச்சடித்த விலையைப் பாருங்கள். அப்புறம் கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடியைப் பாருங்கள். எழுபது, எண்பது சதவிகிதம் என்பார். எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி ஏற்றி, ஒரே மாதிரி இறக்கினால் யாருக்கு என்ன லாபம்? புஸ்வாணத்துக்கும் ராக்கெட்டுக்கும் உள்ள விகிதம் அப்படியேதானே இருக்கிறது. பாயின்டும் அப்படித்தான். எண்ணில் ஒன்றும் இல்லை. எதற்கு எது எத்தனை என்பதில்தான் எல்லாம்.

சரி, நிஜ பாஞ்சாலங்குறிச்சியில் என்ன நடந்தது?

1799 செப்டம்பர் 5. மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் பலிக்கவில்லை. பிறகு கோட்டையிலிருந்து வெளியேறிய கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். கம்பெனி கணக்கில் விவகாரம் முடிந்தது.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். அவர் திரும்பிய சில நாட்களில் இடித்த இடத்தில் கோட்டை எழுந்து நின்றது. மண் கோட்டை. மார்ச் 31-ல் கம்பெனிப் படை அதன்மேல் ஏறியது. சுவரில் உடைப்பு வரை வந்தவர்களை உள்ளே நின்ற ஈட்டிகள் தடுத்தன. பலத்த சேதத்துடன் பின்வாங்கினார்கள். நம் ஷீட்டின் மூன்றாவது கணக்கு! குண்டடிச் சுற்று பூஜ்யம். கூடுதல் படையும் பீரங்கியும் வரும்வரை காத்திருந்து, கர்னல் அக்னியூ தலைமையில் மே 24-ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. நவம்பர் 16-ல் ஊமைத்துரையும் தூக்கு மேடை ஏறினார்.

அந்தச் சண்டையில் கம்பெனிப் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-ல் வெளியான தன் ராணுவ நினைவுகளில் ஊமைத்துரையைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். எதிரியைப் பற்றி! பேச வராத, காது கேளாத ஒரு மனிதர். சைகை செய்தால் ஊரே மண் சுமந்தது. சுவரில் உடைப்பு விழுந்தால் அந்த இடத்தில் ஆள் நின்றது. மேலே ஓரமாக வைக்கச் சொன்னேனே, அந்தப் பூஜ்யம். அது இதுதான். ஈட்டியின் நீளத்துக்குக் கட்டம் இருக்கிறது. சுவரின் உயரத்துக்கும் போட்டுவிடலாம். இடிந்த கோட்டையைக் கட்டத் திரும்பி வரும் மனசுக்கு? மேஜைப் போர்க்காரர்கள் 'மன உறுதி' என்று ஒரு கட்டம் வைத்துப் பகடை உருட்டுகிறார்கள். முயற்சி செய்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. நாம் 4 பாயின்ட் போட்ட அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் இல்லை. மதராஸ் பட்டாளத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்த நம்மவர்கள். இரு பக்கமும் விழுந்தது நம் ஊர்த் தலைதான்.

அப்படியானால் விலை போடுவதே தப்பா? அதுவும் இல்லை. விலை போடாமல் ஆட்டமே ஆட முடியாது. போட்ட விலை நியாயமா என்று பார்க்க மேஜைப் போர்க்காரர்களிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. அண்ணன் தம்பிக்கு ஒரு மாம்பழம். எப்படிப் பங்கு போடுவது? ஒருத்தன் அறுக்கணும், அடுத்தவன் எடுக்கணும். இதுவும் அப்படித்தான். நீ விலையைப் போட்டு இரண்டு படையையும் அடுக்கு. எந்தப் படை எனக்கு என்பதை நான் சொல்கிறேன். எந்தப் பக்கம் உட்காரச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தால் விலை சரி. 'ஐயோ, அந்தப் பக்கம் வேண்டாம்' என்றால் ஷீட்டில் எங்கோ கோளாறு.

ஆயிரம் ஃபார்முலாவை விட எனக்குப் பிடித்தது இந்தச் சோதனைதான். இதை மேஜையோடு விட்டுவிடவும் மனசு வரவில்லை.

சிவகாசி வட்டாரத்தில் பல வேலைகளுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. இத்தனை செய்தால் இவ்வளவு. எங்கோ ஒரு ஷீட்டில் யாரோ ஒருத்தர் அந்த எண்ணைப் போடுகிறார். மருந்து இடிக்கிற கைக்கு எவ்வளவு, பெட்டி ஒட்டுகிற கைக்கு எவ்வளவு என்று விகிதம் இருக்கிறது. வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் கட்டம் இருக்கிறதா? 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் நடந்தது. அதற்குப் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு அறிவிப்பு வரும். குடும்பத்துக்கு இத்தனை லட்சம். அதுவும் யாரோ ஒருத்தர் ஒரு கட்டத்தில் போட்ட எண்தான்.

மேஜையில் பொம்மைக்கு விலை போடுகிறவருக்கு, எதிர்ப்பக்கம் உட்கார வேண்டிவரும் என்ற பயம் இருக்கிறது. அதனால் பகடையைத் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்து, தப்பு என்றால் எண்ணைத் திருத்துகிறார். பொம்மைக்கே இத்தனை ஜாக்கிரதை.

அடுத்த தடவை யாராவது உங்கள் முன்னால் ஒரு ஷீட்டை நீட்டி, 'இவருக்கு இவ்வளவு' என்று காட்டினால், ஃபார்முலாவைக் கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'சார், நீங்க அந்தப் பக்கம் உட்காருவீங்களா?'